சொன்ன விலைக்கு ஒரு ஸ்லீப்பிங் பேக்

“பையனுக்கா மேடம்?” என்றார் கடைக்காரர் புகழேந்தி.

“எனக்கு.”

அவர் என் நரைத்த வகிட்டைப் பார்த்தார். பிறகு என் கணவர் பரணிதரனைப் பார்த்தார். பரணி மின்விசிறியைப் பார்த்தார்.

நாளைக் காலை நாங்கள் ஐந்து பெண்கள் தஞ்சாவூரிலிருந்து கோடியக்கரைக்குச் சைக்கிளில் கிளம்புகிறோம். ராத்தங்கல் திருத்துறைப்பூண்டிப் பக்கம், எங்களைக் கூட்டிப்போகும் பிரகதீஸ்வரியின் அண்ணன் வயலில். அறுவடை முடிந்த தரை. ஸ்லீப்பிங் பேக் இல்லாதவளுக்கு இடமில்லை என்று பிரகதீஸ்வரி கறாராகச் சொல்லிவிட்டாள். ஊரில் அது கிடைப்பது இந்த ஒரு கடையில்தான்.

சைக்கிளைப் பரணி பொறுத்துக்கொண்டார், முட்டிவலிக்கு நல்லதாம். “பொம்பளைங்க வெட்டவெளியில படுக்கறதா?” என்பதுதான் ஒரு வாரமாக வீட்டில் பாட்டு. அப்படிப்பட்டவர் இன்று தானாகவே “கடைக்கு நானும் வரேன்” என்றபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

புகழேந்தி தலையணை பருமனில் ஒன்றை எடுத்து வைத்தார். “மைனஸ் அஞ்சு டிகிரி தாங்கும் மேடம். லடாக் போறவங்க வாங்குறது.”

“திருத்துறைப்பூண்டியில என்னிக்குத் தம்பி பனிக்கட்டி விழுந்துச்சு? மெல்லிசா இருக்கறதையும் எடுங்க. எல்லாத்தையும் விரிச்சுக் காட்டுங்க.”

“பேக்கிங் பிரிக்கக் கூடாது மேடம்.”

நான் மன்னார்குடி ஜவுளிக்கடைக்காரர் மகள். இருபது புடவையைப் பிரித்துப் பார்த்துவிட்டு ஒரு ரவிக்கைத்துணி வாங்கிப் போகிறவர்களுக்கும் அப்பா சிரித்த முகமாக மோர் கொடுப்பார். பிரிக்காத சரக்கை நான் வாங்குவதா? செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் உட்கார்ந்தேன். சற்று நேரத்தில் கடையில் இருந்த மூன்று பைகளும் விரிந்தன.

லடாக் பைக்குள் இரண்டு நிமிடம் படுத்தேன், இட்லிக் கொப்பரை. அடுத்ததில் புரள முடியவில்லை. மூன்றாவது மெல்லியது, கால்மாட்டிலும் ஜிப் இருந்தது. திறந்து பாதத்தை மட்டும் வெளியே நீட்டினேன். தைப்பனிக்கு இது போதும். சுருட்டினால் கேரியரில் பாதி இடம்கூடப் பிடிக்காது.

“பூர்ணிமா, எந்திரி. எல்லாரும் பாக்குறாங்க.”

“பாக்கட்டுங்க. நாளைக்கு ஒத்திகை.”

விலை மூவாயிரத்து இருநூறு. நான் இரண்டாயிரம் என்றேன். புகழேந்தி சிரித்தார்.

“கட்டுப்படியாகாது, வா போலாம்” என்று பரணி எழுந்தார். சரியான நேரம்தான். பேரத்தில் எழுந்து நடப்பது எங்கள் வீட்டு அரிச்சுவடி. வாசல் தாண்டுவதற்குள் எந்தக் கடைக்காரரும் கூப்பிட்டுவிடுவார். நடந்தேன். யாரும் கூப்பிடவில்லை. கண்ணாடிக் கதவில் பின்னால் நடப்பது தெரிந்தது. பரணி புகழேந்தியைப் பார்த்து உள்ளங்கையை விரித்து, கூப்பிட்டுவிடாதீர்கள் என்று கெஞ்சிக்கொண்டிருந்தார்.

அடப்பாவி மனுஷா! பேரத்தில் எழுந்து நடந்தவள் தானாகத் திரும்பமாட்டாள் என்பதை இருபத்தெட்டு வருஷமாக என்னிடமே பார்த்துத் தெரிந்துகொண்டவர்.

திரும்பினேன்.

“மூவாயிரத்து இருநூறுதானே? பில் போடுங்க தம்பி.”

பரணிக்கு முகம் வெளுத்தது. “நீயா? சொன்ன வெலைக்கா?”

“ஆமாங்க, தோத்துட்டேன். ஊரெல்லாம் சொல்லிக்குங்க. மன்னார்குடியில இருக்கற உங்க மச்சானுக்கு முதல்ல போன் போடுங்க. நாளைக்கு ராத்திரி நான் வயல்ல படுத்துக்கிட்டு எல்லாருக்கும் பதில் சொல்றேன்.”

புகழேந்திக்கு என்னமோ போலாகிவிட்டது. “இருநூறு குறைச்சுக்கறேன்க்கா” என்றார் மெதுவாக.

“ஒரு பைசா குறைச்சீங்க, நடக்கறதே வேற” என்றேன்.