மூலை விட்ட பெட்டி

மூன்றாவது தடவையும் அதே மூலைதான். தேன்பெட்டியைத் தச்சரின் பட்டறையில் தொப்பென்று வைத்தார் அவருடைய தங்கை கணவர். மேல் மூலை வாயைப் பிளந்திருந்தது. இடுக்கில் செத்த தேனீ ஒன்று.

"மச்சான், இது பெட்டியா கதவா? தானா தொறக்குது."

"நீ எப்படித் தூக்குனியோ, மாப்ளே! நான் மேல ஏறி நின்னு பாத்துத்தான் குடுத்தேன். யானை ஏறினாலும் அசையாது."

"நான் யானை வளக்கல, தேனீ வளக்கறேன். பூ பூக்கறதுக்குள்ள பத்துப் பெட்டி வேணும். உங்களால முடியாதுன்னா பிளாஸ்டிக் வாங்கிக்கறேன். அப்புறம் உங்க தங்கச்சி என்கிட்ட மூஞ்சியத் தூக்கி வச்சுக்கக் கூடாது."

அவர் போய்விட்டார். முதலில் நாலு ஆணி அடித்தாயிற்று. பிறகு ஆறு ஆணியும் பசையும். மூன்றாவதாகத் திருகாணி, அதுவும் பலகையைக் கீறிக்கொண்டு வெளியே வந்திருந்தது. தச்சர் உளியை விட்டெறிந்தார். அது கல்லில் பட்டு முனை மழுங்கியது. மரத்தைத் திட்டினார், பசையைத் திட்டினார், மாப்பிள்ளையைத் திட்டினார். கோபத்துக்குக் கண் கிடையாது. நீட்ட விரல் மட்டும் உண்டு.

மறுநாள் காலையில் தங்கை போன் செய்தாள். "அண்ணே, இவருக்கு இடுப்பு புடிச்சுக்கிச்சு. பெட்டிய எறக்க ஆளில்ல. சண்டைய அப்புறம் போட்டுக்கலாம், வாங்க."

'நான் என்ன கூலியாளா?' என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. உளியைத் தொடுமுன், 'என் கை யாருக்காவது உதவட்டும்' என்று தினமும் ஆண்டவனிடம் கேட்பவர் அவர். சொல்லை விழுங்கிவிட்டுப் புறப்பட்டார்.

அடுக்கிய பெட்டிகளைத் தேனீக்கள் பிசின் வைத்து ஒட்டியிருந்தன. மாப்பிள்ளை ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டே, பெட்டியின் மூலையில் இரும்புத் தகட்டைச் செருகி நெம்பினார். டக்கென்றது.

"அடப்பாவி, மூலையிலயா நெம்புவே?"

"பின்ன நடுவுலயா? தகடு நுழையற எடம் அதுதான். தூக்குங்க."

தச்சர் தூக்கினார். தோள் இறங்கியது.

"இவ்ளோ கனமா?"

"தேன் மச்சான். நீங்க காலிப் பெட்டியத்தான பாத்திருக்கீங்க?"

தச்சர் பெட்டியை இறக்கி வைத்து மூலையைத் தடவிப் பார்த்தார். அமுக்கிப் பார்த்தவர், ஒரு தடவைகூட நெம்பிப் பார்த்ததில்லை.

பட்டறைக்குத் திரும்பி, பலகைகளின் முனைகளைப் பல் பல்லாக வெட்டினார். ஒன்றின் பல் மற்றதன் இடைவெளியில் நுழைய வேண்டும். இறுக்கம் கூடிப்போய்த் தட்டியதில் ஒரு பல் ஒடிந்தது. ஒரு நாள் உழைப்பு அடுப்புக்குப் போனது. பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி வெட்டினார். நெம்பல் விழும் மேல் பல்லை மட்டும் அகலமாக விட்டார். பசை தடவிக் கோத்து, இரண்டு பக்கமிருந்தும் ஆணி அடித்தார்.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போனார்.

"நெம்பு மாப்ளே. என் மேல இருக்கற கோவத்தையும் சேத்து நெம்பு."

மாப்பிள்ளை முக்கி முனகி நெம்பினார். தகடு வழுக்கியது, விளிம்பில் ஒரு பள்ளம். மூலை அசையவில்லை.

"இடுப்பு போச்சு," என்று உட்கார்ந்தார். "மிச்சம் ஒம்பதையும் நீங்களே நெம்பிப் பாத்துக் குடுங்க மச்சான்."