மாவு வட்டம்

வடாலாவில் லாரி நிறுத்துவதற்காக ஜல்லி கொட்டிய மைதானம் அது. அங்கே நான் ரோலர் ஓட்டுகிறேன், என் மனைவி விஜயராணி தண்ணீர் தெளிக்கிறாள்.

ஏப்ரல் வெயிலில் ஓர் ஆள்காட்டிக் குருவி அவள் தெளித்த தண்ணீரில் வயிற்றை நனைத்துக்கொண்டு ஓடியிருக்கிறது. இவளும் பின்னாலேயே போயிருக்கிறாள். மைதானத்து மூலையில், ஜல்லிக்கு நடுவே நான்கு முட்டைகள். என்னைக் கூட்டிப்போய் விரல் நீட்டிக் காட்டியும் எனக்குக் கல்தான் தெரிந்தது. அதே பழுப்பு, அதே கறுப்புத் திட்டு. கூடு என்று ஒரு துரும்புகூட இல்லை. தலைக்கு மேல் இத்தனை காக்காய் சுற்றுகிறது, ஒன்றின் கண்ணிலும் படவில்லை.

போன வருடம் விக்ரோலியில் இப்படித்தான் தெரியாமல் ரோலரை ஏற்றிவிட்டேன். உருளையில் ஒட்டியிருந்த மஞ்சள் கருவைப் பார்த்துவிட்டு அவள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. இந்த நான்கு முட்டைகளாவது பொரிய வேண்டும் என்று எனக்கும் வெறியாக இருந்தது. சூப்பர்வைசர் ஹரியிடம் கெஞ்சினேன். அந்த மூலையைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று அலுத்துக்கொண்டே ஒத்துக்கொண்டான்.

"எனக்குத் தெரியுத மாதிரி எதையாவது போட்டு வையி. இல்லன்னா மறுபடியும் ஏத்திருவேன்" என்று அவளிடம் சொன்னது நான்தான்.

மறுநாள் காலையில் முட்டைகளைச் சுற்றி வெள்ளை வெளேரென்று ஒரு வட்டம் போட்டிருந்தாள். அரிசி மாவு. காற்றில் பறக்காமலிருக்க நொய்யும் கலந்திருந்தாள். கடையில் ரங்கோலிப் பொடி கொட்டிக் கிடக்கிறது. ஆனால் உயிர் இருக்கிற இடத்தில் கல்பொடி போடக் கூடாதாம், வீட்டு வாசலிலும் அப்படித்தான் பிடிவாதம் பிடிப்பாள். எனக்கும் அது தப்பாகத் தோன்றவில்லை. ரோலர் மேலிருந்து பளிச்சென்று தெரிந்தது, அதுபோதும் என்றிருந்தேன். முட்டாள்.

பத்து மணிக்கு நொய் பொறுக்க ஒரு காக்காய் இறங்கியது. பிறகு ஆறேழு. ஆணும் பெண்ணுமாகக் குருவிகள் இரண்டும் கத்திக்கொண்டு பாய்ந்து பாய்ந்து கொத்தின. நான் என்ஜினை நிறுத்திவிட்டு ஓடினேன். அவள் வாளியைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். நாங்கள் போய்ச் சேரும்போது வட்டத்துக்குள் ஓடுகள்தான் கிடந்தன. ஒரு காக்காய் கடைசி முட்டையை அலகில் கவ்விக்கொண்டு பறந்தது.

விஜயராணி அழவில்லை. அங்கேயே உட்கார்ந்து மாவைக் கையால் கலைத்தாள்.

"அது பாட்டுக்குக் கல்லோட கல்லாக் கெடந்துச்சு. நாமதான் காட்டிக் குடுத்துட்டோம்" என்றாள்.

அந்த மூலை இனி காலிதானே என்று ஹரி தூரத்திலிருந்து கைகாட்டினான். அவளைப் பார்த்தேன். எழுந்து ஒதுங்கி நின்றாள்.

"ஓட்டுங்க" என்றாள்.

ஓட்டினேன். குருவிகளில் ஒன்று ரோலருக்கு முன்னால் சிறகை விரித்து நின்று, ஒன்றுமில்லாத இடத்துக்காகக் கடைசிவரை கத்திக்கொண்டிருந்தது.