இரண்டாவது சுடலைமுத்து

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்று முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஒரு கம்ப்யூட்டர் திரையில் ஓடிய ஒற்றை வரியிலிருந்து வந்தது. 'சுடலைமுத்து, வயது 48, எலிப்பனி உண்டு: ஏற்கெனவே வந்தது, தள்ளப்பட்டது.' (கொச்சியில் எலிக்காய்ச்சலை எலிப்பனி என்பார்கள்.) மட்டாஞ்சேரியில் ஒரு பெண் எனக்கு அதைக் காட்டினாள்.

[பொய். யாரும் எதையும் காட்டவில்லை. நானே எழுதிப் பார்த்த வரி அது. ஆனால் எழுதி முடித்த அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை, அது மட்டும் நிஜம்.]

முதல் தொடக்கம் இப்படி இருந்தது: 'இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டு மழைக்காலத்தில், கொச்சியின் கால்வாய்களெல்லாம் நிரம்பி' — வேண்டாம். கொச்சி மழைக்குள் இறங்கினால் கரையேறவே நாலு பக்கம் ஆகும்.

இரண்டாவது தொடக்கம்: 'அம்பிளி ஒரு கனெக்டர் எழுதிக்கொண்டிருந்தாள்.' சரி, இது இருந்துவிட்டுப் போகட்டும்.

2

அம்பிளி ஒரு கனெக்டர் எழுதிக்கொண்டிருந்தாள். அவளுக்குக் காக்கநாட்டில் ஒரு கம்பெனியில் வேலை. அடுத்தவர்கள் எழுதியதில் தப்புக் கண்டுபிடிக்கும் வேலை. சொந்தமாக எழுதச் சொல்லி யாரும் அவளிடம் கேட்டதில்லை. அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில் உட்கார்ந்து, உலகத்தில் எங்கெங்கோ இருப்பவர்கள் கூடி இலவசமாக உருவாக்கும் ஒரு மென்பொருளுக்கு எழுதினாள்.

அந்த மென்பொருளுக்கு ஒரே வேலைதான். ஒன்றுக்கொன்று பேசத் தெரியாத இரண்டு இயந்திரங்களுக்கு நடுவே நின்று, இது சொன்னதை அதற்குக் கடத்த வேண்டும். ஒவ்வொரு வகை இயந்திரத்துக்கும் தனியாக ஒரு கனெக்டர் வேண்டும். ரத்தம் பார்க்கும் மிஷினுக்கு இதுவரை யாரும் எழுதவில்லை. அதைத்தான் இவள் கையிலெடுத்தாள்.

கொச்சங்காடியில் லேப் வைத்திருந்த முகமது இஸ்மாயில், தன் மிஷினில் சோதித்துப் பார்க்கச் சம்மதித்தார். அதில் ஒரு தொல்லை இருந்தது. பதில் வரவில்லை என்றால் அந்த மிஷின் ஒரே முடிவைத் திரும்பத் திரும்ப அனுப்பும். கரண்ட் போய் வந்தால் எல்லாவற்றையும் மறந்து, வரிசை எண்ணை மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிக்கும். எண்ணை நம்ப முடியாது. அம்பிளி யோசித்தாள். ஒரே நாளில், ஒரே பெயர், ஒரே வயது, ஒரே முகவரி வந்தால் அது வந்ததேதான் திரும்ப வருகிறது, தள்ளிவிடு என்று எழுதினாள். எழுதியதும் எழுந்துபோய் ஒரு சாயா போட்டுக் குடித்தாள். அவ்வளவு திருப்தி.

3

(இங்கே கதையை நிறுத்தி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். கல்யாணராமன் என்று எனக்கு ஒரு பாலக்காட்டு நண்பர். என் கதைகளை முதலில் படிப்பவர், முதலில் திட்டுபவரும் அவர்தான். இதன் பழைய பிரதியைப் படித்துவிட்டுக் கேட்டார்: "ஒரே பேர்ல ரெண்டு பேர் எதுக்கு ஓய்? படிக்கறவா குழம்பிப்போயிடுவா. ஒருத்தனை எடுத்துடும்." நியாயமாகப் பட்டது. எடுத்துவிட்டேன். ஒருத்தரை எடுத்ததும் கதை வழவழவென்று ஓடியது. அப்புறம்தான் யோசித்தேன். அம்பிளி செய்ததைத்தானே நானும் செய்திருக்கிறேன்? ஆகவே அவர் திரும்ப வருகிறார். குழம்பாதீர்கள், நான் பிரித்தே சொல்கிறேன்.)

பெரிய சுடலை, அம்பிளியின் அப்பா. சின்ன சுடலை, அவள் சித்தப்பா. கொச்சிக்குப் பிழைக்க வந்த குடும்பத்தில் அண்ணன் தம்பி பெற்ற பிள்ளைகள். தாத்தா சுடலைமுத்து இறந்ததும் இரண்டு வீட்டிலும் அடுத்துப் பிறந்த ஆணுக்கு அவர் பெயரையே வைத்தார்கள், அதுதான் அவர்கள் வழக்கம். கார்ப்பரேஷன் துப்புரவு வேலைக்கு ஒன்றாகப் போய் நின்றபோது இரண்டு பேருக்கும் பிறந்த தேதி தெரியவில்லை. எழுதிக்கொண்டவர் இருவருக்கும் ஒரே தேதியைப் போட்டுவிட்டார். கிடைத்த குவார்ட்டர்ஸும் ஒரே கதவு எண், நடுவில் ஒரு சுவர்.

இதெல்லாம் அம்பிளிக்குத் தெரியாததா? பிறந்ததிலிருந்து தெரியும். தெருவில் நின்று "சுடலை" என்று யாராவது கூப்பிட்டால் இரண்டு ஜன்னலிலும் தலை நீளும். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தபோது மட்டும் அது நினைவுக்கு வரவில்லை.

4

அந்த மழையில் இருவரும் ஒரே கால்வாயில் இறங்கிச் சேறு அள்ளினார்கள். இருவருக்கும் பனி. (அந்த ஊரில் காய்ச்சலைப் பனி என்பார்கள்.) துப்புரவுக்காரர்களுக்காக நடந்த கேம்பில் ரத்தம் கொடுத்தார்கள். ரத்தம் இஸ்மாயிலின் லேபுக்குப் போனது. முடிவு, அம்பிளியின் கனெக்டர் வழியாக, கேம்ப் டாக்டரின் கம்ப்யூட்டருக்குப் போனது. 'சுடலைமுத்து: எலிப்பனி இல்லை.' அந்த ஒரு வரியை வைத்தே இருவரையும் வீட்டுக்கு அனுப்பினார்கள். "பாத்தியாட்டி, நம்ம பிள்ள செஞ்ச சாதனம் நமக்கு ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டு," என்று சித்தப்பா தெருவெல்லாம் சொல்லித் திரிந்தார்.

நாலு நாள் கழித்து, ஞாயிறு மத்தியானம். கனெக்டரை நாளைக்குச் சேர்த்துக்கொள்கிறோம், ஒருமுறை சரிபார்த்துவிடு என்று கடல் கடந்த யாரோ எழுதியிருந்தார்கள். அம்பிளி தள்ளப்பட்ட வரிகளை மேலிருந்து கீழே ஓடவிட்டாள். அங்கேதான் அந்த வரி.

உண்டு.

வரியை மறுபடி படித்தாள். இஸ்மாயிலுக்குப் போன் போட்டாள்.

"இஸ்மாயிலிக்கா, அன்னிக்கு எடுத்த ரத்தம் இருக்கா?"

"அது அன்னிக்கே கொட்டிக் களஞ்ஞில்லே மோளே. மிஷின்லயும் இல்ல, கரண்டு போயில்லே? பேடிக்கண்டா, பயப்படாதே, ரெண்டு பேரையும் கூட்டிட்டு வா. டாக்டர்கிட்ட சொல்லி மாத்திரை ரெண்டு பேருக்கும் இப்பவே தரலாம். பின்னே, உள்ள ஆள உடனே ஆஸ்பத்திரியில கிடத்தணும். நாலு நாளாச்சு. கிட்னிக்குப் போனா கஷ்டமாணு."

உள்ள ஆள். தள்ளப்பட்டது இரண்டாவது முடிவு, அப்படியானால் இரண்டாவதாக ரத்தம் கொடுத்தவர் யார்? அப்பா கட்டிலில் போர்த்திக்கொண்டு டிவி பார்த்துக்கொண்டிருந்தார்.

"யப்பா, கேம்புல யாரு மொதல்ல ரத்தம் குடுத்தீங்க?"

"நாந்தான். இல்ல, எனக்கு ஊசின்னா பயம்லா, அவந்தான் முன்னால போனான். பொறவு கரண்டு போயி, எல்லாரையும் மாத்தி நிப்பாட்டுனாவ. எதுக்குட்டி?"

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. சித்தப்பா ரெண்டாவதுதானே?"

கேட்ட பிறகுதான் என்ன கேட்டோம் என்று அவளுக்கே உறைத்தது. அப்பாவாக இருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டால் அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான் உண்டு. முதல் கம்ப்யூட்டரைப் பழசாக எர்ணாகுளத்தில் வாங்கியபோது, படகில் மானிட்டரை மடியில் கட்டிப்பிடித்துக்கொண்டு வந்தது சித்தப்பாதான். தண்ணீர் தெறித்துவிடும் என்று தன் சட்டையைக் கழற்றி அதற்குப் போர்த்தினார். பிள்ளை இல்லாத மனிதர்.

[இந்த மானிட்டரை நான் வேண்டுமென்றே நுழைத்தேன். உங்கள் கண்ணில் தண்ணீர் வரவழைக்கத்தான். என்ன செய்ய, எனக்கு முதலில் வந்துவிட்டது.]

5

முடிவுகள். கையில் மூன்று இருக்கின்றன.

ஒன்று: இருவருக்கும் இல்லை, மிஷின்தான் தப்பு. எல்லோரும் சிரித்துக்கொண்டே வீடு திரும்புகிறார்கள். இதை எழுதும்போதே எனக்குக் கூச்சமாக இருந்தது.

இரண்டு: சித்தப்பாவுக்குத்தான். அம்பிளி அழுதுகொண்டே கனெக்டரைத் திருத்தி — சீ.

மூன்றாவதைத்தான் முழுதாக எழுதினேன்.

லேபில் இஸ்மாயில் இந்த முறை ஒரு குப்பிக்குச் சிவப்பு நூலும் மற்றதற்கு நீல நூலும் கட்டினார். மூன்று பேரும் வெளியே பெஞ்சில் காத்திருந்தார்கள். அப்பா நடுவில். கனெக்டரைச் சேர்க்க வேண்டாம், அதில் பெரிய தப்பு இருக்கிறது என்று கிளம்பும் முன்பே அம்பிளி எழுதி அனுப்பிவிட்டு வந்திருந்தாள். அதில் அவளுக்குத் துளி வருத்தமில்லை. வருத்தப்பட உள்ளே இடமில்லை.

"அதுக்கு எதுக்கு மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கே?" என்றார் சித்தப்பா. "கார்ப்பரேஷனுக்கே நாங்க ரெண்டு பேருன்னு தெரியாது. ஒரு மாசம் ஒருத்தனுக்குத்தான் சம்பளம் வந்துது. உன் மிஷினுக்கு மட்டும் எப்படித் தெரியும்?"

அம்பிளி சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை.

கதவு திறந்தது. இஸ்மாயில் கையில் மடித்த ஒரு சீட்டு. அவர் முகத்தில் இருந்தே தெரிந்தது, இது 'இல்லை' சீட்டு இல்லை. பழக்கதோஷத்தில், நூலின் நிறத்தைச் சொல்லாமல், வெறுமனே பெயரைக் கூப்பிட்டார்.

"சுடலைமுத்து."

இரண்டு பேரும் எழுந்தார்கள்.

அம்பிளியின் கை அப்பாவின் சட்டையைப் பிடித்துக் கீழே இழுத்தது. அப்பா பொத்தென்று பெஞ்சில் உட்கார்ந்தார். சித்தப்பா மட்டும் நின்றார். அந்தக் கையைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார்.

"சரி மோளே," என்றார். "நானே போறேன்."

6

"அது கெடக்கட்டும், சீட்டு சிவப்பா நீலமா?" என்று கல்யாணராமன் போனில் கத்துகிறார். எனக்குத் தெரியாது ஓய். எந்த நூல் யாருக்கு என்று நான் எழுதவே இல்லை, திரும்பிப் பாருங்கள்.

சீட்டை உங்களிடம் தருகிறேன். பிரித்து யாரை வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளுங்கள், பெயரை மாற்றும் வேலைகூட இல்லை. மாத்திரை கேட்கும், இரண்டு பேருமே பிழைப்பார்கள் என்று வைத்துக்கொண்டாலும் எனக்குச் சம்மதம்.

அப்பாவின் சட்டையைப் பிடித்த அந்தக் கையை மட்டும் எடுக்க முடியாது. ஒவ்வொரு பிரதியிலும் அந்த வரியை அடித்துவிட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் சித்தப்பா எழுந்து நிற்கிறார், அவளைப் பார்க்கிறார், "சரி மோளே" என்கிறார்.