தண்ணி வத்தாத எடம்

பேரு வனமாமலை, வயசு இருவத்திரெண்டு, இப்பம் நிக்கது சேரப்பணஞ்சேரிக்கிட்ட, தண்ணி ரோட்ட அறுத்துட்டுப் போன எடத்துல... அறுத்துட்டாப் போச்சு? வெட்டுனது யாருல? செல்போன வாய்கிட்ட வச்சமேனிக்கு அவன் நிப்பாட்டிக்கிட்டான். வீட்டு குரூப்புல பேசுறதுக்கு பேரு எதுக்குன்னு தோணுச்சு, ஆனா அக்காதான் சொன்னா, ஏல, பேரு வயசு எடம் மூணையும் மொதல்ல சொல்லு, அப்பத்தான் மத்த குரூப்புக்கும் அனுப்ப முடியும்னு. பேசுனா எழுத்தா விழுது, நல்லவேள, கடப்பாறையப் புடிச்ச கையெல்லாம் சேறு... கடப்பாறைன்னு சொல்லிறாத, உலகம்மா அத்தையும் குரூப்புல இருக்கா, இங்க கம்பெனியில வேல பாக்குற பேச்சிராஜப் பெத்தவ.

காலையில வீட்டுக்காரர் தசரதன் லுங்கிய மடிச்சுக் கட்டிக்கிட்டு வந்தாரு. இன்னா தம்பி, டீ குடிச்சிகினு நிக்கிற, ஏரித் தண்ணி என் வூட்டுக்குள்ள பூந்தா உன் ரூமும்தான் முங்கும், கடப்பாறைய எடு பா, ரோட்ட வெட்டி வுடலாம். ரோடு கர மாதிரி தண்ணிய மறிச்சிக்கிட்டுல்லா கெடந்துச்சு. அந்தப் பக்கம் என்ன இருக்கு அண்ணாச்சின்னு கேட்டான், கேக்கத்தானே செஞ்சான்? காலி மனை பா, முள்ளுச் செடி கீது, வேற இன்னா கீது அங்க. ஊர்க்காரர் சொன்னா சரியாத்தான் இருக்கும்னு ஓங்கிக் குத்துனான். ஒரு சாண் வாய்க்கா, பெறவு ஒரு மொழம், பெறவு தாரே பாளம் பாளமா உருண்டு போச்சு... தெக்கத்திப் புள்ள கைய பாரு பான்னு எல்லாரும் கை தட்டுனாங்க, அவனும் சிரிச்சான், சிரிச்சிக்கிட்டே நிமிந்து பாத்தா, முள்ளுக்குப் பொறத்தால ஒரு நீலத் தொட்டி, மூடி இல்லாம, கல்லு வச்ச தகரம் போட்டு... பேச்சி ரூமுத் தொட்டி, அந்தத் தகரத்த வச்சதே அவந்தானே.

எப்பவும் வாலாஜாபாத் ரோட்டுல எறங்கித்தான் பேச்சி ரூமுக்குப் போவான், அதோட முதுகுப் பக்கத்தப் பாத்ததே இல்ல. பேச்சி நைட் ஷிஃப்ட் முடிச்சுத் தூங்குவான், ஓ.டி. பாக்க வான்னு சூப்பர்வைசர் கூப்புடுவாருன்னு போன அமத்திட்டுத் தூங்குவான். தாண்டிப் போவம்னு எறங்குனா, வெட்டுன வாய்க்கா லாரி அகலத்துக்கு ஆயிட்டு, தசரதன் சட்டையப் புடிச்சி இழுத்துட்டாரு, செத்துருவ தம்பி. கோடையில டேங்கர் லாரி வரிசையில குடத்தோட நின்னு நின்னு பேச்சி ஷிஃப்டையே தவற விட்டான், அதுக்காவத்தானே அலஞ்சு அந்த ஷீட் ரூமப் புடிச்சிக் குடுத்தது... மே மாசம்கூட மோட்டாரு கொட்டுது அத்த, தண்ணி வத்தாத எடம், கவலையே படாதீகன்னு சொன்ன வாய் இதுதானே? பள்ளம்னாத்தானே வத்தாது, பள்ளத்துக்குத்தானே எல்லாத் தண்ணியும் வரும்... ஊர்ல எந்த மடையத் தொறந்தா யாரு வயலுக்குப் போவும்னு கண்ண மூடிட்டுச் சொல்லுவானே, இங்க மட்டும் ஏன் தெரியல?

போன் அதிருது. அத்ததான், பேச்சி சாப்ட்டானாய்யா?

வெட்டுனது நாந்தான் அத்தன்னு சொன்னான், எழுத்தா விழுந்துச்சு, பாத்தான், அழிச்சான். மொதல்ல கதவு. இதப் பாக்குறவங்க யாராவது வாலாஜாபாத் ரோட்டுப் பக்கம் இருந்தா, செல்போன் டவருக்குப் பின்னால ஷீட் ரூம் வரிச, கடைசி பச்சக் கதவு, ஓங்கித் தட்டுங்க. வெறுமனே தட்டுனாத் தொறக்க மாட்டான், ஓ.டி.க்குத்தான் கூப்புடுதாகன்னு குப்புறப் படுத்துக்கிடுவான். பேச்சின்னு பேரச் சொல்லிக் கூப்புடுங்க.