டயர் போட்ட குதிகால்

டெல்வின் தன் பூட்ஸ் குதிகாலுக்குப் பழைய லாரி டயரை வெட்டி ஒட்டியிருந்தான், அதுவும் கோணலாக. அப்படியொரு தடம் உலகத்தில் வேறு எவனுக்கும் இருக்க வழியில்லை. அதனால்தான், பரியா பள்ளத்தாக்கில் இறங்கிய மூன்றாம் நாள், ஆறு வளைகிற இடத்து ஈர மணலில் தன் தடம் தனக்கு முன்னே போயிருப்பதைப் பார்த்ததும் அவன் காலைத் தூக்கித் தன் குதிகாலைத் திருப்பிப் பார்த்தான்.

பக்கத்திலேயே அக்கா லவோனாவின் தடம், கைத்தடி குத்திய குழிகளோடு.

"நமக்கு முன்னாடி யாரோ போயிருக்காங்கக்கா."

"போகட்டுமே. உன்னை மாதிரி இன்னொரு கஞ்சன் பொறக்கக் கூடாதா?"

அவள் நிற்கவில்லை. இருபுறமும் செம்பாறை நெருங்கி, வானம் நாடா அளவுக்குச் சுருங்கிவிட்டது. அதில் ஒரு பொட்டு மேகமில்லை. தலைக்கு மேலே, ஏணி வைத்தாலும் எட்டாத உயரத்தில், எந்த வெள்ளமோ செருகிவிட்டுப் போன மரக்கட்டை. முழங்காலைச் சுற்றிய தண்ணீர், அடுத்த அறையில் யாரோ பேசுவதுபோல் முனகியது.

பாறைக் குறுகலின் வாயில் இரண்டு தடங்களும் தண்ணீரில் இறங்கின. அக்கரை மணலில் ஏறியது ஒன்றுதான். கோணல் குதிகால். பக்கத்தில் குழிகள் இல்லை.

டெல்வின் பொத்தென்று உட்கார்ந்தான். "அக்கா, கால் பிசகிடுச்சு."

நடிப்பு அவனுக்கு வராது; ஊர் தேவாலய நாடகத்தில் ஆடு வேஷத்துக்கு மேல் அவனுக்கு யாரும் கொடுத்ததில்லை. 'வயசு அம்பத்தஞ்சாச்சு, நடக்கத் தெரியல' என்று ஆரம்பிப்பாள் என எதிர்பார்த்தான். அவளோ அக்கரையையே பார்த்தபடி நின்றாள்.

"சரி, மேட்டுல ஏறு. இன்னைக்கு இங்கேயே தங்கிக்கலாம்."

திட்டக்கூட இல்லை. அதுதான் அவனை இன்னும் பயமுறுத்தியது.

பொழுது சாய்வதற்குள் காற்றில் சேற்று வாடை வந்தது. பிறகு இரைச்சல். எங்கோ பெய்த மழை, மரங்களை உருட்டிக்கொண்டு வந்து குறுகலை நிரப்பிப் போனது. அக்காவின் கை அவன் சட்டைக் காலரைப் பிடித்திருந்தது, சின்ன வயதில் சாலையைக் கடக்கும்போது பிடிப்பாளே, அப்படி.

மறுநாள் வெள்ளம் வடிந்து, மணல் துடைத்துவிட்டாற்போல் கிடந்தது.

"நேத்து பிசகினது வலது காலுல்ல? இன்னைக்கு இடது கால் நொண்டுது?"

"அது... மாறிடுச்சுக்கா."

அவள் சிரிக்கவில்லை. "நானும் அக்கரையைப் பாத்தேன்டா. என் தடம் மட்டும்தான் ஏறியிருந்துச்சு. உன்னுது இல்ல."

அவன் நொண்டுவதை விட்டுவிட்டு நேராக நின்றான்.

"நீ முன்னாடி போ," என்றான்.

"நீ போ," என்றாள்.

கடைசியில், ஒருவருக்கே இடம் போதாத அந்தச் சந்தில் இருவரும் தோளோடு தோள் உரசி நடந்தார்கள், அடிக்கொருதரம் திரும்பி மணலைப் பார்த்துக்கொண்டே.