ஹைவேக்கு இந்தப் பக்கம்

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்த இடம் ஆம்பூரில் சமீருல்லா பாயின் பிரவுசிங் சென்டர். நான் உயிரோடிருக்கிறேன் என்று நிரூபிக்கப் போயிருந்தேன். பென்ஷன்காரர்கள் வருஷத்துக்கு ஒருமுறை இதைச் செய்தாக வேண்டும். கண்ணாடியின் மேல் கட்டைவிரலை வைத்தேன். மிஷின் இல்லை என்றது. ஆள்காட்டி விரலை வைத்தேன். அதற்கும் இல்லை என்றது. தோல் பதனிடும் ஷாப்பில் வருஷக்கணக்காகத் தோலைத் தடவித் தடவி என் ரேகையெல்லாம் எந்த நாட்டு ஷூவிலோ ஒட்டிக்கொண்டு போய்விட்டது.

"பெரியவரே, ஓரமா குந்துங்க. ஈரத்துணியில தொடச்சிட்டு அப்பறமா பாக்கலாம்" என்றார் பாய்.

அரசாங்கக் கணக்கில் நான் செத்துப்போயிருந்த அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் மெர்சியும் அவள் மகள் ஜோதியும் உள்ளே வந்தார்கள்.

நான் சொல்வதை எவ்வளவு நம்பலாம் என்று கேட்பீர்கள். நியாயம். ஒரு கத்திரி வெயிலில் வேலூர்க் கோட்டை அகழியில் மீன்கள் வெந்து மிதந்தன. நான் உப்பும் எலுமிச்சம்பழமும் வாங்கிக்கொண்டு போய்க் கரையில் உட்கார்ந்தேன். இது சத்தியம். பாலாற்றில் தண்ணீர் ஓடிப் பார்த்திருக்கிறேன் என்றும் சொல்வேன். மீனை நம்புகிறவர்கள்கூட அதை நம்புவதில்லை.

2

முதல் வரிக்கு நான் செய்த முயற்சிகள்:

"நன்றாகப் படிக்கும் பெண்ணின் முகத்தில் ஓர் ஒளி—" [ஜோதியின் முகத்தில் பரு இருந்தது. அடித்துவிட்டேன்.]

"வறுமையின் நடுவிலும் கல்வியை விடாத—" [மெர்சி சண்டைக்கு வருவாள். அவர்கள் வீட்டில் வாஷிங் மிஷின் இருக்கிறது.]

"ப்ளஸ் டூ பரீட்சை முடிந்த நாளிலிருந்து ஜோதி சோறு தின்னும்போதும் கணக்குப் போட்டாள்." இது நிற்கும்.

என்ன கணக்கு? பயாலஜியில் வந்ததை அப்படியே வைத்துக்கொள்ள வேண்டும். பிசிக்ஸில் பாதி, கெமிஸ்ட்ரியில் பாதி. மூன்றையும் கூட்டினால் இருநூற்றுக்கு ஒரு கட்-ஆஃப். ரிசல்ட் வருவதற்கு முன் ஆசைக்கு ஒரு கணக்கு, பயத்துக்கு ஒரு கணக்கு. தோழி ஃபரீதாவுக்கு போன் செய்து ஒரு மார்க் கேள்விக்கு என்ன எழுதினாள் என்று கேட்பாள். ஃபரீதா வேறு விடை சொன்னால் அன்று முழுக்க அவளோடு பேசமாட்டாள். ரிசல்ட் வந்த பிறகும் கூட்டிக்கொண்டிருந்தாள், திரும்பக் கூட்டினால் ஏறிவிடும் என்பதுபோல.

எண்ணை நான் சொல்லப்போவதில்லை. சொன்னால் உங்கள் வீட்டுப் பிள்ளையின் எண்ணைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பீர்கள். அப்புறம் கதையை எங்கே படிப்பீர்கள்? இவ்வளவு தெரிந்தால் போதும். ஜோதிக்குக் கால்நடை டாக்டர் ஆகவேண்டும். பொதுப் போட்டியில் அந்த எண்ணுக்கு இடமில்லை. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கென்று இருக்கிற ஏழரை சதவீத ஒதுக்கீட்டில் இடமுண்டு. போன வருஷம் அதில் கடைசியாக உள்ளே போன எண்ணைவிட இவளுடையது மேலே.

ஆகவே கதை சுபமாக முடியவேண்டியது. நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன்.

3

இந்த இடத்தில் எனக்கே ஒரு சந்தேகம். ஆம்பூர்ப் பெண்ணுக்கு மாட்டு டாக்டர் ஆசை எப்படி வரும்? எங்கள் ஊருக்கு மாடு முழுசாக வருவதில்லை. உப்பு போட்டு மடித்து, லாரியில் தோலாக வரும்.

மெர்சிக்கு ஷூ கம்பெனியில் வேலை. தைப்பதற்கு முன் தோல் துண்டுகளைப் பார்த்து, பழுது இருக்கிற இடத்தை வெள்ளிப் பேனாவால் வட்டம் போடவேண்டும். ஒருநாள் கழிவுத் துண்டு ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்தாள், கதவு அடித்துக்கொள்ளாமல் சொருகுவதற்கு. சின்ன வயசு ஜோதி அதைத் தடவிப் பார்த்தாள்.

"இது இன்னாம்மா புள்ளி புள்ளியா?"

"உண்ணி கடிச்சது. மாடு உயிரோட இருக்க சொல்ல கடிச்சிருக்கும். ரிஜெக்ட்டு."

"யாராச்சும் உண்ணிய எடுத்து உட்டிருந்தா?"

"ஏ கிரேடு ஆயிருக்கும்."

"தோல கேக்கலம்மா. மாட்டுக்கு வலிச்சிருக்காதில்ல?"

[கொஞ்சம் ஜோடித்த மாதிரி இருக்கிறது. எடுத்துவிடலாம் என்று பார்த்தேன். எடுத்தால் ஜோதி வெறும் கட்-ஆஃப் ஆகிவிடுகிறாள். இருக்கட்டும்.]

4

சென்டரில் நடந்தது இது. இதில் என் கைச்சரக்கு எதுவும் இல்லை.

"ஆறாவதுலேருந்து பன்னெண்டாவது வரைக்கும் எந்த ஸ்கூலுனு சொல்லும்மா" என்றார் பாய், திரையைப் பார்த்தபடி.

"ஒம்போதாவதுலேர்ந்து கவர்மென்ட்டு கேர்ள்ஸ் ஹயர் செகண்டரி" என்றாள் ஜோதி.

"அதுக்கு முன்ன?"

"சர்ச் ஸ்கூலு. எங்க தெரு முனைல."

பாயின் கை நின்றது. "அது எய்டட் ஸ்கூல் ஆச்சே."

"எய்டட்டுனா இன்னா பாய்? கவர்மென்ட்டுதானே?" என்றாள் மெர்சி.

"கவர்மென்ட்டு சம்பளம் குடுக்கும். ஆனா கவர்மென்ட்டு ஸ்கூல் இல்ல. ஏழரைல வராது. ஆறாவதுலேருந்தே அவங்க ஸ்கூல்ல இருந்திருக்கணும். பேஜார் புடிச்ச ரூலு, நான் இன்னா பண்றது?"

ஜோதி விரல்களை மடக்கி எண்ண ஆரம்பித்தாள். ஆறு, ஏழு, எட்டு. அங்கேயும் திரும்பக் கூட்டினால் குறையும் என்று நினைத்தாளோ என்னவோ.

"தப்பா சொல்றீங்க பாய்" என்று எழுந்தாள் மெர்சி. "நான் போயி எச்.எம்.மையே கேக்குறேன். எழுந்துருடி."

5

அவர்கள் போன அறைக்குள் நான் இல்லை. எழுதுகிறவன் உள்ளே போக யாரையும் கேட்கவேண்டியதில்லை, போய்விட்டேன். சர்ச் பள்ளியில் எச்.எம். டீச்சருக்கு ரிட்டயர்மென்ட் நெருங்கிவிட்டது. மெர்சிக்கே அவர்தான் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தவர். அதனால் மெர்சி உட்காராமல் நின்றுகொண்டே கேட்டாள்.

"மூணு வருசம் எம் பொண்ணு படிச்ச புக்கு யாருது டீச்சர்?"

"கவர்மென்ட்டுதும்மா."

"யூனிபார்மு?"

"அதுவும்."

"மத்தியானம் முட்டை போட்டீங்களே, அது?"

"முட்டையும் கவர்மென்ட்டுதான்."

"ஒங்க சம்பளம்?"

டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அதுவும்தான்."

"அப்ப ஸ்கூலு மட்டும் யாருது?"

"சபையோடதும்மா. ஆரம்பிச்சது அவங்க, நடத்துறதும் அவங்க."

"நல்லா இருக்குது டீச்சர். முட்டை கவர்மென்ட்டுது, தின்னவ மட்டும் பிரைவேட்டா?"

கேள்விக்குப் பதில் தெரியாதபோது ஆசிரியர்கள் செய்வதையே டீச்சரும் செய்தார். திருப்பி ஒரு கேள்வி கேட்டார். "எதிர்ல ஹைவே தாண்டினா கவர்மென்ட்டு ஸ்கூல் இருந்துச்சே. அப்பவே அங்க சேத்திருக்கலாமில்ல?"

மெர்சிக்குப் பதிலாக நான் சொல்கிறேன். கம்பெனி பஸ் காலையில் சர்ச் பள்ளி வாசலில்தான் நிற்கும். பிள்ளையை கேட்டுக்குள் தள்ளிவிட்டு அப்படியே ஏறிக்கொள்ளலாம். ஹைவேயைத் தாண்டிக் கொண்டுபோய் விட்டுவர நேரமில்லை. தாண்ட முயன்ற ஆட்டுக்குட்டி, சைக்கிள்காரர், பால்காரர் என்று அந்த வளைவில் பலபேர் சாலையோடு சாலையாகிவிட்டார்கள்.* அந்தச் சாலையை அவள் தெருவே பயத்தோடு பார்க்கும். எல்லா அம்மாக்களும் செய்ததையே மெர்சியும் செய்தாள். சர்ச் பள்ளியில் எட்டு வரைக்கும்தான். ஒன்பதாவதில் ஜோதி வளர்ந்துவிட்டாள், ஃபரீதாவோடு கைகோத்துக்கொண்டு தாண்டினாள்.

வெளியே வந்ததும் ஜோதி சொன்னாள்: "ஒனக்கு ஒன் கம்பெனி பஸ்ஸுதான் முக்கியம்."

"ஆமாடி. பஸ்ஸுதான் முக்கியம்" என்றாள் மெர்சி. அதற்குப் பிறகு வீடு வரைக்கும் ஒருத்தி முன்னாலும் ஒருத்தி பின்னாலும் நடந்தார்கள்.

[அப்பா எங்கே என்று கேட்பீர்கள். இருக்கிறார், பெயர் புகழேந்தி. அவரும் கம்பெனிதான், இரண்டாவது ஷிப்ட். இந்தக் கதை முழுக்க அவர் தூங்குகிறார், அல்லது வேலைக்குப் போயிருக்கிறார்.]

* அங்கே மேம்பாலம் வரும் என்கிறார்கள். வரட்டும். கதைக்கு லேட்.

6

நான் தோல் ஷாப்பில் 'செலக்‌ஷன்' வேலை பார்த்தவன். அதாவது தோலுக்கு மார்க் போடுகிறவன். முள்கம்பி கிழித்ததா, ஒரு கிரேடு கம்மி. நுகம் தேய்த்ததா, இன்னொரு கிரேடு கம்மி. மாடு உயிரோடிருந்தபோது பட்டதற்கெல்லாம் செத்த பிறகு மார்க் குறைப்பது என் உத்தியோகம். அதற்குத்தான் இந்தப் பென்ஷன். இதை ஏன் இங்கே எழுதினேன் என்று தெரியவில்லை. அடிக்கலாம். [அடிக்கவில்லை.]

முடிவுக்கு வருவோம். கைவசம் சில இருக்கின்றன.

ஒன்று. சான்றிதழில் ஒரு பொய். பொய்யில் எனக்குக் கூச்சமில்லை. ஆனால் எந்தப் பிள்ளை எந்த வருஷம் எந்தப் பள்ளியில் இருந்தது என்பதெல்லாம் கம்ப்யூட்டரில் ஏறிவிட்டதாம். என் விரலையே ஒத்துக்கொள்ளாத சாதி அது.

இன்னொன்று. ஜோதி ஒரு வருஷம் வீட்டிலிருந்து மறுபடி பரீட்சை எழுதுகிறாள். மார்க் ஏறலாம். ஆறாம் வகுப்பு மாறாது.

இன்னொன்று. ஜோதி விலங்கியல் படிக்க ஏதோ ஒரு கல்லூரியில் சேர்ந்து, பாதியில் நின்று, அம்மாவின் மேஜைக்குப் பக்கத்து மேஜையில் உட்கார்ந்து, உண்ணி கடித்த இடத்தை வெள்ளிப் பேனாவால்— [இது நடக்கக்கூடியது. அதனால் முடிக்கவில்லை.]

7

எழுதுகிறவனுக்கு ஒரு வசதி உண்டு. நடந்து முடிந்ததைத் திருத்தலாம். ஒரே ஒரு வரியை மாற்றினால் போதும்.

"ஜூன் மாதம். பதினோரு வயது ஜோதி புதுப் பையை மாட்டிக்கொண்டு ஹைவே ஓரத்தில் நிற்கிறாள். அந்தப் பக்கம் அரசுப் பள்ளி. பெங்களூரிலிருந்து வரும் லாரி ஒன்று—"

நிறுத்தினேன். அடித்துவிட்டு இப்படி எழுதினேன்: "அந்த நேரத்தில் லாரி எதுவும் வரவில்லை."

அகழியில் மீன் வெந்தது என்று கண் சிமிட்டாமல் சொன்னவன் நான். எனக்கே இந்த வரி தொண்டையில் நின்றது.

"இன்னா எழுதுறீங்க பெரியவரே?" மெர்சிதான். எப்படிக் கதைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தாள் என்று என்னைக் கேட்காதீர்கள்.

"ஒன் பொண்ண ஆறாவதுல கவர்மென்ட்டு ஸ்கூல்ல சேக்குறேம்மா."

"யாரு இட்டுனு போயி உடறது? எனக்குக் கம்பெனி பஸ்ஸு வந்துடும்."

"தனியாத்தான் போவணும்."

"மூணு வருசம். காலைல ஒருவாட்டி, சாயங்காலம் ஒருவாட்டி. மழைல, பனில. வர்ற அத்தனை லாரிக்கும் நீங்க பிரேக்கு போடுவீங்களா?"

"எழுதிடலாம்மா."

"ஒங்க வெரல வெச்சா மிஷினே நம்பல. லாரிக்காரன் நம்புவானா? மரியாதையா எம் பொண்ண இந்தப் பக்கமே உடுங்க."

அவளுக்குப் பின்னால் பதினேழு வயது ஜோதி நின்றுகொண்டிருந்தாள். அழுது முடித்த முகம். பரு சிவந்திருந்தது.

"எழுதுங்க தாத்தா" என்றாள். "நான் ஓடியே தாண்டிடுவேன்."

"வாய மூடுடி. ஒனக்கு அப்ப பதினோரு வயசு."

"எனக்கு சீட்டு வேணும்மா."

"எனக்கு நீ வேணும்டி."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் பேனாவைப் பார்த்தேன்.

8

நான் இங்கே நிறுத்திக்கொள்கிறேன். ஈரத்துணியில் துடைத்து இன்னொருமுறை வைத்தும் மிஷின் என்னை ஏற்கவில்லை. செத்தவன் எழுதுகிற முடிவு எந்த ஆபீஸிலும் செல்லாது.

நீங்கள் உயிரோடிருக்கிறீர்கள். விரலில் ரேகையும் இருக்கும். ஜூன் மாதம், காலை நேரம். பதினோரு வயது ஜோதி சாலையோரம் நிற்கிறாள். இந்தப் பக்கமும் முட்டை போடுகிறார்கள், அந்தப் பக்கமும் முட்டை போடுகிறார்கள். இரண்டு கோழிக்கும் வித்தியாசம் தெரியாது. பெங்களூர்ப் பக்கமிருந்து என்னவோ வருகிற சத்தம் கேட்கிறது. எவ்வளவு தூரத்தில் என்று வளைவு மறைக்கிறது.

கம்பெனி பஸ் ஹாரன் அடித்துவிட்டது. டிரைவர் நிற்கமாட்டார். மெர்சி படியில் ஒரு காலை வைத்துவிட்டாள். அதற்கு முன், பக்கத்தில் நின்றிருந்தது நீங்கள்தான் என்பதால், "கொஞ்சம் பாத்துக்கோங்க" என்று சொல்லிப் பிள்ளையின் கையை உங்கள் கையில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள்.