கடைசி இருபது விநாடி

இரண்டாவது ட்ரம்பெட்டுக்கு என்ன வேலை என்று என் தங்கை ஒருமுறை கேட்டாள். முதல் ட்ரம்பெட் பக்கத்தில் உட்கார்ந்து அவருக்கு இடைஞ்சல் இல்லாமல் ஊதுவது என்றேன். சிரித்தாள். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பதினெட்டு வருடம் ஆர்கெஸ்ட்ராவில் அதைத்தான் செய்தேன், நன்றாகவும் செய்தேன்.

முதல் ட்ரம்பெட் எங்கள் மீசை அண்ணன். ஊதுகிறவனுக்கு எதற்கு மீசை என்று எத்தனை பேர் சொல்லியும் எடுக்காததால் அந்தப் பெயர். நாங்கள் அதிகம் பேசிக்கொண்டதில்லை. அவர் மூச்சை இழுத்தால் நானும் இழுப்பேன். வாசிக்காமல் காத்திருக்கிற இடங்களில் அவர் ஷூவின் முனை லேசாக அசையும், அதைப் பார்த்தே நானும் எண்ணிவிடுவேன். எங்கள் ஒவ்வொருவர் பெட்டியிலும் இரண்டு ட்ரம்பெட் இருக்கும், இந்தத் தொழிலில் எல்லோருக்கும் அப்படித்தான். ஒரே இசைத்தாளை வாசித்தாலும் நீளமானது ஒரு படி கீழே ஒலிக்கும், குட்டையானது எழுதியபடியே ஒலிக்கும். எந்த உருப்படிக்கு எது என்று தாளின் தலையில் பொடி எழுத்தில் போட்டிருக்கும். அதைப் படிப்பதை எப்போது விட்டேன் என்று எனக்கே ஞாபகம் இல்லை. அவர் எதை எடுக்கிறாரோ அதையே நானும் எடுப்பேன். ஒருநாளும் தப்பியதில்லை.

மார்ச் மாதம் அவர் மகளோடு இருக்கப் போவதாகச் சொல்லி வேறு நாட்டுக்குப் போய்விட்டார். கடைசி நாள் என் தோளைத் தட்டி, பார்த்துக்கொள் என்றார். எதை என்று சொல்லவில்லை. முதல் நாற்காலிக்குத் தேர்வு என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். நாற்பத்தெட்டு வயது தாண்டியவர்கள் விண்ணப்பிக்க முடியாது. எனக்கு நாற்பத்தேழரை. இதை விட்டால் ஆயுசுக்கும் நான் இரண்டாவதுதான். முன்பானால் அதனால் என்ன என்றிருப்பேன். ஆனால் காலி நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு மாதம் உட்கார்ந்து பார்த்த பிறகு, அதில் முன்பின் தெரியாத ஒருவர் வந்து உட்காரப் போவதை நினைக்கவே பிடிக்கவில்லை. அந்த நாற்காலி எனக்கு வேண்டும். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

தேர்வுக் குழு கொடுத்தது, ட்ரம்பெட் ஒன்றுக்காக மட்டும் இந்தக் காலத்தில் எழுதப்பட்ட ஒரு உருப்படி. ஐந்து பக்கம், பதினொரு நிமிடம். தாளத்தைப் பிரித்துக் காட்ட ஒரு கோடுகூட இல்லை. சுரங்களுக்கு நடுவே கறுப்பு முக்கோணம், ஓட்டை வட்டம், நெளிநெளியாக என்னவோ. முக்கோணம் வந்தால் சுரம் கிடையாது, குழாய்க்குள் வெறும் காற்றுதான் போகவேண்டும். வட்டம் வந்தால் வால்வைப் பாதி அமுக்கவேண்டும், அப்போது சளி பிடித்தவன் பேசுகிற குரல் வரும். நடுநடுவே மௌனங்கள், இத்தனை விநாடி என்று எழுதி: ஏழு, ஒன்பது, பன்னிரண்டு. கடைசிச் சுரத்துக்குப் பிறகு இருபது. பல இடங்களில் மூடி திறந்த பெரிய பியானோவுக்குள் ட்ரம்பெட்டை நீட்டி ஊதவேண்டும், பியானோ வாசிப்பவர் சத்தம் வராமல் சில கட்டைகளை அமுக்கிப் பிடித்திருப்பார் என்று குறிப்பு இருந்தது. என் வீட்டில் பியானோவுக்கு எங்கே போவது? ஜன்னலைப் பார்த்து ஊதினேன்.

முதல் மூன்று வாரம் எரிச்சல்தான். எழுதினவர் கையில் கிடைத்தால் இந்த முக்கோணங்களை அவரையே எண்ண வைத்திருப்பேன். இரண்டாம் வாரத்தில் கீழ்வீட்டு அம்மா குழாய் ரிப்பேர் செய்பவரையே கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். தினமும் மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் எங்கிருந்தோ உஸ்ஸென்று கசிகிறதாம். ரிப்பேர்காரர் என் குளியலறையைக் குடைந்துவிட்டு வந்தபோது ட்ரம்பெட்டை எடுத்து ஊதிக் காட்டினேன். தலையைச் சாய்த்து மரியாதையாகக் கேட்டார். இதற்கெல்லாம் வாஷர் மாற்றமுடியாது சார் என்று சொல்லிவிட்டுப் போனார். பத்து வாரத்தில் என் வாசிப்பை நின்று கேட்ட ஒரே மனிதர் அவர்தான்.

தங்கை ஞாயிற்றுக்கிழமை போன் செய்வாள். சாப்பாட்டைப் பற்றி ஒரு கேள்வி, உடம்பைப் பற்றி ஒன்று. கல்யாணப் பேச்சை அவள் விட்டு எட்டு வருடமாகிறது. இப்போது மூன்றாவது கேள்வி, இன்னும் அந்தப் பாட்டுதானா என்பது.

காற்றும் பாதி வால்வும் மெல்ல வசப்பட்டன. மௌனங்கள்தான் வசப்படவில்லை. பன்னிரண்டு விநாடி என்றால் ஏதோ பன்னிரண்டு என்று நினைப்போம். ஆளில்லாத வீட்டில் ட்ரம்பெட்டை இறக்கிவிட்டு நின்று பாருங்கள். ஃப்ரிட்ஜ் உறுமும், யார் வீட்டிலோ நாற்காலியை இழுப்பார்கள், அப்போதும் ஆறுதான் ஆகியிருக்கும். என்னை அறியாமல் கண் இடதுபக்கம் தரையைத் தேடும். அங்கே ஷூ எதுவும் இருக்காது. தனிமை தனிமை என்று எல்லோரும் சொல்வார்கள், எனக்கு அது இந்த உருப்படியின் இரண்டாம் பக்கத்தில்தான் உறைத்தது.

பத்தாம் வாரத்தில் முழுதும் மனப்பாடமாகிவிட்டது. தேர்வுக்கு ஒன்பது நாள் இருக்கும்போது ஒத்திகை அறையில் பியானோ அக்காவோடு ஒரு மணி நேரம் கொடுத்தார்கள். அக்கா எங்கள் எல்லோருக்கும் மூத்தவர், யாரையும் புகழ்ந்து யாரும் கேட்டதில்லை. என் விரல் ஓடுவதைப் பார்த்தாவது ஒரு தலையசைப்பு கிடைக்கும் என்று உள்ளுக்குள் ஒரு நப்பாசை.

அவர் கட்டைகளை அமுக்கிப் பிடித்தார். நான் பியானோவுக்குள் ஊதி நிறுத்தினேன். ஒன்றும் நடக்கவில்லை. என்ன நடக்கவேண்டும் என்றே எனக்குத் தெரியாததால் பேசாமல் ஒன்பது விநாடியை எண்ணினேன். இன்னும் பலமாக ஊதச் சொன்னார். ஊதினேன். அவர் தன் தாளைப் பார்த்தார், பிறகு என் கையைப் பார்த்தார்.

"தம்பி, இது எந்த ட்ரம்பெட்?"

நீளமானது என்றேன். அவர் எழுந்து வந்து என் தாளின் தலையில் விரலை வைத்தார். பொடி எழுத்தில் குட்டையானது என்று போட்டிருந்தது.

எழுபது நாள். எழுபது நாளாக மொத்த உருப்படியையும் ஒரு படி கீழே வாசித்திருக்கிறேன். ஆர்கெஸ்ட்ராவாக இருந்தால் முதல் சுரத்திலேயே பக்கத்து ஆளோடு இடித்து எல்லோரும் திரும்பிப் பார்த்திருப்பார்கள். தனியாக வாசிக்கிறவன் யாரோடு இடிப்பான்? பள்ளிப் பிள்ளைகூடச் செய்யாத தப்பு. அக்கா முன்னால் அழுதுவிடக் கூடாது என்று வால்வுக்கு எண்ணெய் போடுவதுபோல் குனிந்துகொண்டேன்.

அக்கா திட்டவில்லை. "இந்த மௌனமெல்லாம் எதுக்குன்னு நினைச்சீங்க?" என்று மட்டும் கேட்டார்.

எண்ணுவதற்கு என்றேன்.

குட்டையானதை எடுக்கச் சொன்னார். அதே இடத்தை அதே விரல்களோடு ஊதி நிறுத்தினேன். பியானோவுக்குள் என் சுரம் அப்படியே நின்றுகொண்டிருந்தது. அமுக்கிப் பிடித்த கட்டைகளின் கம்பிகள் தங்களுக்குரிய சுரம் வந்ததும் தானாக அதிர்ந்து, நான் நிறுத்திய பிறகும் மெல்லியதாக ஒலித்தன. ஏழோ எட்டோ விநாடி. பக்கத்து அறையில் இருந்து யாரோ பதில் சொன்ன மாதிரி இருந்தது. இந்த உருப்படியில் ஒருவன் கூப்பிடுகிறான், பிறகு காது கொடுக்கிறான், அவ்வளவுதான் விஷயம். நான் பத்து வாரமாகக் கூப்பிட்டுவிட்டு, பதில் வருகிற நேரத்தில் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்திருக்கிறேன்.

விரல் பழகியதுதானே என்று நினைக்காதீர்கள். உதடும் காதும் பழைய இடத்துக்கே போயின. மேலே உள்ள சுரங்கள் இன்னும் ஒரு படி ஏறிவிட்டதால் நாலாம் பக்கத்தில் உதடு வீங்கிப்போகும். அக்கா தன் சாப்பாட்டு நேரத்தில் தினமும் அரை மணி வந்து கட்டையை அமுக்கினார். தேர்வுக்கு முந்தின நாள் எல்லா இடத்திலும் கம்பிகள் பேசின.

தேர்வு காலை பத்து மணிக்கு. எங்கள் தேர்வில் குழு திரைக்குப் பின்னால் இருக்கும். யார் வாசிக்கிறார்கள் என்று தெரியக்கூடாது என்பதற்காகக் காலடிச் சத்தம் கேட்காமல் விரிப்பு போட்டிருப்பார்கள். பெயர் கிடையாது, எண் மட்டும். மேடையில் ஒரு வார்த்தை பேசினால் அதோடு நீக்கம், அதற்கு முன்கூட்டியே கையெழுத்தும் வாங்கிவிடுவார்கள். எனக்கு நாலாம் எண்.

வாசித்தேன். மூன்றாம் பக்கத்தில் ஒரு சுரம் லேசாக வழுக்கியது, மற்றபடி பதினெட்டு வருடத்தில் நான் அப்படி வாசித்ததில்லை. ஒவ்வொரு மௌனத்திலும் பியானோ பதில் சொன்னது, நான் எண்ணாமல் கேட்டேன். கடைசிச் சுரத்தை அடி மூச்சு வரை பிடித்து உள்ளே விட்டேன். நான் நிறுத்தியதும் அது எழும்பி நின்றது. அக்கா தலைகுனிந்து கட்டைகளைப் பிடித்திருந்தார்.

எட்டு விநாடி ஆகியிருக்கும். திரைக்குப் பின்னால் காகிதம் சரசரத்தது. குழுத் தலைவர், "நன்றி. நாலாம் எண் போகலாம்" என்றார்.

முடிந்துவிட்டது என்று நினைத்துவிட்டார்கள். அவர்கள் காதில் அது வெறும் மௌனம். நான் தலையைக் குனிந்துகொண்டு போயிருக்கவேண்டும். நாற்காலி வேண்டுமானால் அதைத்தான் செய்யவேண்டும், அது எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் என் சுரத்துக்குப் பதில் வந்துகொண்டிருந்தது. நான் மட்டுமே கேட்டு அது செத்துப்போவதை என்னால் பொறுக்க முடியவில்லை.

"இன்னும் முடியல," என்றேன். "கேளுங்க."

காகிதச் சத்தம் நின்றது. யாரும் இருமக்கூட இல்லை. கம்பிகள் இழுத்துக்கொண்டே போயின. பன்னிரண்டு, பதினைந்து, பிறகு இருக்கிறதா இல்லையா என்று தெரியாத ஒன்று. அது முழுதாக அடங்கியதும் அக்கா கட்டைகளை விட்டார்.

"நீங்களா?" என்றார் தலைவர். குரலில் கோபமில்லை. "ரூல் தெரியும்ல?"

"தெரியும்."

"இதுவரை வாசிச்ச நாலு பேர்ல உங்களைத்தான் முதல்ல போட்டிருந்தோம். இப்ப அந்த நம்பரை அடிச்சுத்தான் ஆகணும்."

அடிக்கிற பேனாவின் சத்தம் எனக்குக் கேட்டது. கண் நிறைந்துவிட்டது, மறைக்கவில்லை. அக்கா பியானோ மூடியை இறக்கிவிட்டு என்னிடம் வந்தார்.

"எல்லாரும் கேட்டாங்க," என்றார்.

ட்ரம்பெட்டைத் துடைத்துப் பெட்டியில் வைத்தேன். திங்கட்கிழமை காலை ஒன்பதுக்கு ஒத்திகை இருந்தது, இரண்டாவது நாற்காலியில்.